அணுமின் நிலையத்தில் உபகரணத்தை மாற்றும்போது ஆணையத்தின் முன் ஒப்புதல் எப்போது தேவை?

நீர்வழி எழுதியது:

கலிபோர்னியாவின் சான் ஒனோஃப்ரே அணுமின் நிலையத்தில் நீராவி ஜெனரேட்டர்களை மாற்றிய வரலாற்றைப் படித்தபோது எழுந்த ஐயம் இது. நீராவி ஜெனரேட்டர் என்பது ஓரமாக நிற்கும் ஒரு துணைக்கருவி அன்று. கதிரியக்கம் கலந்த முதன்மைச் சுற்று நீரையும், விசையாழிக்குப் போகும் நீராவியையும் பிரித்து நிற்பவை அதனுள் இருக்கும் மெல்லிய குழாய்கள்தாம். அப்படிப்பட்ட உபகரணத்தை முழுமையாக எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தியபோதும், சில தொழில்நுட்ப வரையறைகளுக்கு மட்டும் உரிமத் திருத்தம் கேட்டுவிட்டு, மற்றவற்றை நிலையமே மதிப்பிட்டு முடித்துக்கொள்ள அமெரிக்க விதிகள் இடம் தந்தன. எந்த மாற்றம் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் மேசைக்குப் போக வேண்டும், எது நிலையத்துக்குள்ளேயே முடியலாம் என்பதை யார், எந்த அளவுகோலால் தீர்மானிக்கிறார்கள்? விதியின் வாசகத்தைப் படித்துவிட்டேன். அது நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை இத்துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

வரைபடக்காரர் எழுதியது:

வடிவமைப்பு மாற்றக் கோப்புகளோடு நீண்ட காலம் புழங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் குறிப்பிடுவது அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 50.59ஆம் பிரிவு. அதில் முதலில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிரிவு "இந்த மாற்றம் பாதுகாப்பானதா?" என்று கேட்கவே இல்லை என்பதுதான். மாற்றம் பாதுகாப்பானது என்பதை நிறுவுவது வடிவமைப்புப் பொறியாளரின் கடமை. அது வேறு விதிகளாலும், தர உறுதிப்பாட்டு நடைமுறைகளாலும், நியமங்களாலும் முன்பே கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. 50.59 கேட்பது ஒன்றே: ஆணையம் எந்த ஆவணங்களைப் பார்த்து உரிமம் தந்ததோ, அந்த ஆவணங்கள் சொல்லும் நிலையத்திலிருந்து, முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டிய அளவுக்கு இந்த மாற்றம் விலகிச் செல்கிறதா? இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிப் படிப்பதால்தான் பெரும்பாலான விவாதங்கள் தடம் மாறுகின்றன.

நடைமுறையில் இது படிப்படியாக நடக்கிறது. மாற்றத்துக்கு வேறு ஏதேனும் தனி விதி பொருந்துகிறதா என்று முதலில் பார்க்கப்படும். தொழில்நுட்ப வரையறைகள் உரிமத்தின் பகுதி என்பதால், அவற்றில் ஒரு சொல் மாறினாலும் உரிமத் திருத்தம் இல்லாமல் முடியாது. அடுத்து வருவது வடிகட்டல்: உரிமத்துக்கு அடிப்படையான பாதுகாப்பு ஆய்வறிக்கையில் விவரிக்கப்பட்ட ஒரு வடிவமைப்புப் பணியையோ, அது இயக்கப்படும் முறையையோ, அந்தப் பணி நிறைவேறும் என்பதைக் காட்டிய கணக்கீட்டு முறையையோ இந்த மாற்றம் பாதகமாகத் தொடுகிறதா? இல்லை என்றால் கோப்பு அங்கேயே முடிந்துவிடும். ஆம் என்றால் மட்டுமே எட்டு வினாக்கள் கொண்ட முழு மதிப்பீடு.

எட்டையும் இங்கே எழுதப் போவதில்லை. விபத்தின் நிகழ்தகவு, கருவி பழுதாகும் வாய்ப்பு, அவற்றின் விளைவுகள் ஆகியவை சிறுமத்துக்கு மேல் கூடுகின்றனவா என்பது ஒரு கூட்டம். முன்பு எண்ணிப் பார்க்காத புதுவகை விபத்தோ, வேறு விளைவைத் தரும் பழுதோ உருவாகிறதா என்பது இன்னொன்று. எஞ்சிய இரண்டு வினாக்கள், எரிபொருள் உறை, முதன்மைச் சுற்று, கண்டெய்ன்மென்ட் எனப்படும், உலையைச் சூழ்ந்த காப்புக் கட்டடம் ஆகிய தடுப்புகளுக்கான வடிவமைப்பு எல்லைகளையும், பாதுகாப்பு ஆய்வறிக்கையில் சொல்லப்பட்ட கணக்கீட்டு முறையிலிருந்து விலகுவதையும் பற்றியவை. ஒன்றுக்காவது "ஆம்" என்று விடை வந்தால் உரிமத் திருத்தம் பெற்ற பிறகே மாற்றத்தைச் செயல்படுத்த முடியும்.

கேள்விக்குறி எழுதியது:

வேலியே பயிரை மேய வழிசெய்யும் ஏற்பாடு போலத் தெரிகிறது. உரிமம் பெற்றவரே வினாக்களை எழுப்பி, அவரே "இல்லை" என்று விடையளித்து, அவரே கையெழுத்திடுகிறார். "சிறுமத்துக்கு மேல்" என்ற சொல் ஓர் அளவாகுமா? நாளை ஒரு நிலையம் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்றால் யார் கணக்கு வைத்திருப்பார்கள்?

உரிமப்பிரிவு எழுதியது:

கேள்விக்குறியின் கடைசிக் கேள்வி நியாயமானது. முதல் குற்றச்சாட்டை முழுமையாக ஏற்க இயலாது.

அந்தச் சொல்லுக்கு எண் வடிவம் உண்டு. அமெரிக்கத் தொழில்துறை வழிகாட்டியை ஆணையம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன்படி, ஒரு விபத்தின் கதிரியக்க விளைவு, இப்போதைய கணக்கீட்டு அளவுக்கும் ஒழுங்குமுறை எல்லைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடினால் அது சிறுமத்தைத் தாண்டியதாகக் கருதப்படும். கட்டுப்பாட்டு அறைக்கான எல்லை 5 ரெம் (ரெம் என்பது உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு), இப்போதைய கணக்கீடு 4 ரெம் என்று வைத்துக்கொள்வோம். மீதமிருப்பது 1 ரெம். எனவே 4.1 ரெம் வரை நிலையம் தன் பொறுப்பில் செல்லலாம், ஆணையத்தின் மதிப்பாய்வுத் திட்டம் அந்த விபத்துக்கு அதைவிடக் குறைந்த அளவைக் குறித்திருக்காவிட்டால். அடுத்த மாற்றத்துக்கு மிச்சம் 0.9 ரெம் மட்டுமே என்பதால் அதில் 0.09 ரெம்தான் கிடைக்கும். இடைவெளி குறையக் குறைய, அனுமதியின்றி எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கும் சுருங்கும். ஆனாலும் சுருங்கிக்கொண்டே போகும் படிகள் பல சேரலாம் என்பதை மறுக்க மாட்டேன். கருவி பழுதாகும் வாய்ப்பைப் பொறுத்தவரை அது இரு மடங்கைத் தாண்டக்கூடாது என்பது அதே வழிகாட்டியின் அளவு.

"சிறுமம்" என்ற வரம்பே 1999இல் விதி திருத்தப்பட்டபோது வந்தது. 2001இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த வாசகம் "மீளாய்வு செய்யப்படாத பாதுகாப்புக் கேள்வி" என்று ஒன்றைப் பேசியது; நிகழ்தகவில் எள்ளளவு கூடினாலும் அது அந்தக் கேள்வியாகிவிடுமா என்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பின்னணியில் இருந்தவற்றுள் ஒன்று கனெக்டிகட்டின் மில்ஸ்டோன் நிலையம். அங்கு எரிபொருள் மாற்றும் நிறுத்தங்களில் உலை உள்ளகம் முழுவதையும் சேமிப்புக் குளத்துக்கு இறக்குவது வழக்கமாகிவிட்டிருந்தது. ஆனால் உரிம ஆவணங்கள் காட்டிய நிலையம் அதுவன்று. 1996இல் அது நாடறிந்த செய்தியாயிற்று. ஆவணமும் நிலையமும் தனித்தனியே நடக்கத் தொடங்கினால், 50.59 வினாக்களுக்கு எவ்வளவு நேர்மையாக விடையளித்தாலும் பயனில்லை. எதனோடு ஒப்பிடுகிறோமோ அந்த அடிக்கோடே பொய்யாகிவிடுகிறது.

மதிப்பீடுகளின் சுருக்கத்தை 24 மாதங்களுக்கு மிகாத இடைவெளியில் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் காலமுறையில் புதுப்பிக்க வேண்டும். ஆணையத்தின் ஆய்வாளர்கள் கோப்புகளை மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். வேலி இருக்கிறது, அது பயிரின் ஒவ்வோர் இலையையும் எண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

நீர்வழி எழுதியது:

அப்படியானால் சான் ஒனோஃப்ரேயில் எந்தப் படியில் தவறிற்று? எட்டு வினாக்களில் ஒன்றுக்குத் தவறான விடை எழுதப்பட்டதா?

வரைபடக்காரர் எழுதியது:

இதற்கு நீளமாகத்தான் விடையளிக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்ன விடைகளே இந்த விவகாரத்தைக் குழப்பியிருக்கின்றன.

பழைய ஜெனரேட்டர்களின் குழாய்கள் அலாய் 600 என்ற நிக்கல் கலவையால் ஆனவை. அந்தக் கலவை அரிமான விரிசலுக்கு ஆளாவது உலகெங்கும் தெரிந்த செய்தி. அதனால் பல நிலையங்கள் அலாய் 690க்கு மாறின. அலாய் 690இன் வெப்பக் கடத்துதிறன் சற்றுக் குறைவு என்பதால், அதே வெப்பத்தைக் கடத்த அதிகக் குழாய்ப் பரப்பு வேண்டும். ஒரு ஜெனரேட்டரில் 9,350 குழாய்கள் இருந்த இடத்தில் 9,727 குழாய்கள் வந்தன. அவற்றுக்கு இடமளிக்க நடுவில் இருந்த தாங்கு உருளை நீக்கப்பட்டது. குழாய்களைத் தாங்கும் அமைப்பும் மாறியது. மிட்சுபிஷி கனரகத் தொழிலகம் வடிவமைத்துத் தயாரித்த இவற்றை நிலையத்தின் இரண்டாம், மூன்றாம் அலகுகளில் 2009 தொடங்கி 2011 தொடக்கம் வரை பொருத்தி முடித்தார்கள்.

2012 ஜனவரி 31 அன்று மூன்றாம் அலகில் ஒரு குழாய் கசிந்தது. வெளியேறிய கதிரியக்கம் மிகச் சிறிது. ஆபத்து அதில் இல்லை. திறந்து பார்த்தபோது வளைவுப் பகுதியில் குழாயோடு குழாய் உரசித் தேய்ந்திருந்தது. பின்னர் நடந்த அழுத்தச் சோதனையில் எட்டுக் குழாய்கள் தாங்கவில்லை. புத்தம் புதிய உபகரணம் ஓராண்டுகூட ஓடாத நிலையில் இது நடந்தது என்பதுதான் அனைவரையும் திகைக்க வைத்தது.

காரணம் திரவ மீட்சி நிலையின்மை எனப்படும் அதிர்வு. பாயும் நீராவிக் கலவை ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் குழாய்களின் அதிர்வு தானே தன்னை வளர்த்துக்கொள்ளும். இந்த அதிர்வு U வடிவக் குழாயின் தளத்துக்குக் குறுக்கே வரும் என்பதை வடிவமைப்பாளர்கள் நன்கு அறிவார்கள். அதைத் தடுக்கவே அதிர்வெதிர்ப்புப் பட்டைகள் செருகப்படுகின்றன. இங்கே அதிர்வு அந்தத் தளத்துக்குள்ளேயே வந்தது. இயங்கும் நிலையங்களில் அதற்கு முன் யாரும் கண்டிராதது அது. பட்டைகள் குறுக்கசைவைத் தடுத்தன. தளத்துக்குள் நடந்த அசைவைத் தடுக்கும் அளவுக்கு அவற்றுக்கும் குழாய்களுக்கும் இடையே பிடிமானம் இல்லை. போதாக்குறைக்கு, வளைவுப் பகுதியில் கலவையின் நீராவிப் பங்கு சில இடங்களில் 99 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. குழாயைச் சுற்றி நீர் இருந்தால் அது அதிர்வைத் தணிக்கும்; உலர்ந்த நீராவியில் அந்தத் தணிப்பு இல்லை. பாய்வின் வேகத்தைக் கணித்த மென்பொருளோ உண்மையைவிடப் பல மடங்கு குறைவாகச் சொல்லியிருந்தது.

இப்போது எட்டு வினாக்களுக்குத் திரும்புங்கள். குழாய் உடைவு ஏற்கனவே பகுப்பாய்வு செய்யப்பட்ட விபத்து, எனவே "புதுவகை விபத்தா?" என்றால் இல்லை. அதன் நிகழ்தகவு கூடுகிறதா? வடிவமைப்புக் கணக்குகள் அதிர்வே வராது என்று சொல்லும்போது, கூடவில்லை என்றே எழுத வேண்டியிருக்கும். ஆணையத்தின் சிறப்பு ஆய்வுக் குழு 2012இல் 50.59 கோப்பைப் புரட்டியபோது எழுப்பிய கேள்விகூட, ஒரு கட்டமைப்புக் கணக்குக்கு வேறு மென்பொருளைப் பயன்படுத்தியது கணக்கீட்டு முறை மாற்றமா என்பதைப் பற்றியதுதான். குழாய்களைத் தேய்த்த அதிர்வுக்கும் அந்தக் கேள்விக்கும் தொடர்பில்லை. ஆக, தவறு வினாக்களில் இல்லை. வினாக்களுக்கு அடியில் இருந்த கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கை யார் மறுபடி சரிபார்ப்பது என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

கேள்விக்குறி எழுதியது:

அந்த முடிவை ஏற்கத் தயங்குகிறேன். உரிமத் திருத்தமாகப் போயிருந்தால், ஆணையத்தின் நிபுணர்கள் சுதந்திரமாகக் கணக்கிட்டிருப்பார்கள். குறைந்தது, குழாய்த் தாங்கிகள் இவ்வளவு மாறியது ஏன் என்று கேட்டிருப்பார்கள். பொதுமக்களுக்கும் விசாரணை கோரும் உரிமை கிடைத்திருக்கும். ஆணையத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2014இல் வெளியிட்ட அறிக்கையே, அந்த 50.59 கோப்பை முன்பு ஆய்வு செய்தபோது சிக்கல்களைக் கண்டறியும் வாய்ப்புகள் தவறவிடப்பட்டன என்றுதானே சொல்கிறது? 2013 மே மாதத்தில் ஆணையத்தின் உரிமத் தீர்ப்புக் குழுவும், மறு இயக்கத்துக்காக நடந்துகொண்டிருந்த கடிதப் போக்குவரத்து உண்மையில் உரிமத் திருத்த நடவடிக்கையே என்று கூறிற்று. அடுத்த மாதம் 7ஆம் தேதி உரிமையாளர் இரண்டு அலகுகளையும் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்துவிட்டார். செலவைப் பார்த்தால், தொடக்கத்தில் ஓராண்டு தாமதித்து உரிமத் திருத்தம் வாங்கியிருப்பதே மலிவாக முடிந்திருக்கும்.

வரைபடக்காரர் எழுதியது:

செலவு பற்றிச் சொன்னதில் மறுப்பில்லை. ஆணையம் பார்த்திருந்தால் தளத்துக்குள் வரும் அதிர்வைக் கண்டிருக்கும் என்பதைத்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆணையத்தின் நிபுணரும் அன்றைய நியமங்களையே கையில் வைத்திருந்தார்; அந்த நியமங்களும் குறுக்கதிர்வையே பேசின. ஆனால் பாய்வு மென்பொருளின் சரிபார்ப்பை அவர் கேட்டிருக்கக்கூடும். அதற்கு நல்ல வாய்ப்பு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ரிலேஅறை எழுதியது:

நீராவி ஜெனரேட்டர் போன்ற பெரும் மாற்றங்களையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு எப்படியும் பலர் கண் வைத்திருப்பார்கள். என் கவலை மின்பிரிவிலிருந்து வருகிறது: "அதே வகை மாற்றீடு" என்று வடிகட்டலிலேயே நின்றுவிடும் சிறு கருவிகள்.

பென்சில்வேனியாவின் பீவர் வேலி இரண்டாம் அலகில் 1993இல் நடந்ததைப் பாருங்கள். வெளி மின்சாரம் போனால் அவசர டீசல் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும். ஆனால் எல்லாப் பம்புகளையும் ஒரே நொடியில் அதன்மேல் ஏற்றினால் அது மூச்சுத் திணறி நின்றுவிடும். எனவே சில நொடி இடைவெளிகளில் ஒவ்வொன்றாக ஏற்றும் வேலையைச் சுமை வரிசையாக்கி செய்கிறது. அதற்குள் இருந்த டைமர் ரிலேக்கள் நுண்செயலி கொண்டவை. சோதனையின்போது இரண்டு டீசல்களின் வரிசையாக்கிகளும் தோல்வியடைந்தன. அருகிலேயே இருந்த துணை ரிலேக்களின் சுருள்கள் அணையும்போது எழுந்த மின்னழுத்தக் கூர்முனை நுண்செயலியைக் குழப்பிவிட்டதே காரணம். மின்னியந்திர டைமர் அப்படிப்பட்ட கூர்முனையைப் பொருட்படுத்தாது. அதன் இடத்தில் வந்த மின்னணுக் கருவியோ, வெளியில் இருந்து பார்த்தால் அதே உயரம், அதே முனைகள், அதே நேர அமைவு.

இதில் கொடுமை, இரண்டு டீசலும் ஒன்றாகப் போனது. ஒன்று பழுதானால் மற்றொன்று காக்கும் என்பதுதான் முழு வடிவமைப்பின் நம்பிக்கை. ஒரே காரணம் இரண்டையும் வீழ்த்தினால் அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லை. பழுதின் விளைவு வேறாகிறதா என்ற வினாவை மின்னணுக் கருவிகளுக்கு விட்டுக்கொடுக்காமல் கேட்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். சந்தையில் இன்று வாங்கும் வால்வு இயக்கியிலோ, பிரேக்கரிலோ, வெப்பநிலை உணரியிலோ நுண்செயலி இருக்கிறதா என்பது பல நேரங்களில் பட்டியல் எண்ணில் தெரிவதில்லை. கொள்முதல் பிரிவு பழைய எண்ணிலேயே கேட்கும். தயாரிப்பாளர் உட்புறத்தை மாற்றிவிட்டு எண்ணை மாற்றாமல் அனுப்புவார். அமெரிக்க ஆணையம் 2016இல், இப்படி உள்ளே பொதிந்து வரும் மின்னணுக் கருவிகள் குறித்துத் தனி அறிவிப்பே வெளியிட்டது.

மென்பொருள் வழி வரும் பொதுக் காரணப் பழுதை 50.59 வினாக்களுக்குள் எப்படிக் கையாள்வது என்பது இத்துறையில் நெடுங்காலம் ஓடிய வழக்கு. பழுதாகும் வாய்ப்பு போதிய அளவுக்குக் குறைவு என்பதைக் குணநிலை மதிப்பீட்டால் காட்டலாம் என்று 2018இல் ஆணையம் தெளிவுபடுத்திய பிறகுதான் நிலையங்கள் சிறிது துணிந்தன. அதுவும் உலையை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்புக்கு அல்ல. அதைவிடக் குறைந்த முக்கியத்துவம் கொண்டவற்றுக்கு.

நீர்வழி எழுதியது:

மின்பிரிவு என்றதும் நினைவுக்கு வந்தது. ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் நிகழ்வும் மாற்றீட்டால் வந்ததுதானே?

ரிலேஅறை எழுதியது:

ஆம், இரண்டு மாற்றீடுகள் ஒரே நாளில் சந்தித்துக்கொண்டன. 2006 ஜூலை 25 அன்று வெளியே 400 கிலோவோல்ட் முற்றத்தில் ஏற்பட்ட குறுக்குச் சுற்று நிலையத்துக்குள் மின்னழுத்த ஏற்றமாகப் பரவியது. தடையிலா மின்வழங்கிகள் நான்கு; அவற்றில் இரண்டு அந்த ஏற்றத்தைத் தாங்காமல் நின்றன. பழைய சுழல் இயந்திரத் தொகுதிகளுக்குப் பதிலாக 1990களில் வந்த மின்னணுக் கருவிகள் அவை. மின்னழுத்தம் ஏறினால் முதலில் திருத்தி (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் பகுதி) நின்று, அதை மீண்டும் மாறுமின்னோட்டமாக்கும் மின்மாற்று இயக்கி மட்டும் பேட்டரியில் தொடர வேண்டும்; ஆனால் இரண்டின் பாதுகாப்பு அமைவுகளும் ஒன்றோடொன்று ஒத்திசையாமல், இரண்டும் சேர்ந்தே நின்றன. அந்த மின்சாரத்தை நம்பியிருந்த இரண்டு டீசல்கள் ஓடினாலும் தங்கள் மின்பாதையில் இணையவில்லை. கட்டுப்பாட்டு அறைத் திரைகள் பல இருண்டன. ஏறத்தாழ 22 நிமிடங்களுக்குப் பிறகு இயக்குநர்கள் கைமுறையாக மின்சாரத்தை மீட்டார்கள்.

மற்றொன்று, 2005இல் மாற்றப்பட்ட குறை அதிர்வெண் காப்பு ரிலேக்கள். கட்ட வரிசை, அதாவது மூன்று மின்கட்டங்களின் வரிசை, மாற்றி இணைக்கப்பட்டிருந்ததால், இயங்க வேண்டிய நேரத்தில் அவை இயங்கவில்லை. பொருத்திய பிறகு அமைப்பு முழுவதையும் இணைத்து ஓட்டிப் பார்க்கும் சோதனை நடந்திருந்தால் இது ஒரே பிற்பகலில் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். ரிலேயைத் தனியாக மேசையில் வைத்துச் சோதித்தால் கட்ட வரிசை எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

உரிமப்பிரிவு எழுதியது:

மாற்றத்தின் பக்கவிளைவு எங்கே போய் நிற்கும் என்று ஊகிப்பது எளிதன்று. அதற்கு மின்பிரிவுக்கு வெளியிலும் சான்றுகள் உண்டு. 1992 ஜூலை 28 அன்று ஸ்வீடனின் பார்செபெக் இரண்டாம் அலகில் ஒரு பாதுகாப்பு வால்வு வழியாகப் பீறிட்ட நீராவி, குழாய்களின் மேல் சுற்றியிருந்த கனிமப் பஞ்சுக் காப்பைக் கிழித்தெறிந்தது. அந்தப் பஞ்சு அவசரக் குளிர்விப்புப் பம்புகளின் வடிகட்டிகளை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அடைத்தது. அதன் பிறகு உலகெங்கும் வடிகட்டிகளைப் பெரிதாக்கினார்கள். இன்று ஒரு குழாயின் வெப்பக் காப்பை வேறு வகைக்கு மாற்றுவதோ, கண்டெய்ன்மென்ட் உட்சுவரில் வேறு பூச்சு அடிப்பதோகூட வடிகட்டிக் கணக்கைத் தொடும் மாற்றம். காப்பு ஒப்பந்தக்காரருக்கு அது வெறும் பஞ்சு. கோப்பில் அது அவசரக் குளிர்விப்பின் உட்கூறு.

மாற்றத்தின் இறுதி நிலையை மட்டும் மதிப்பிட்டு, மாற்றிப் பொருத்தும் வேலையைக் கவனிக்காமல் விடுவது இன்னொரு பிழை. புளோரிடாவின் கிரிஸ்டல் ரிவர் மூன்றாம் அலகில் 2009இல் நீராவி ஜெனரேட்டர்களை உள்ளே கொண்டுபோகக் கண்டெய்ன்மென்ட் சுவரில் வாயில் வெட்டினார்கள். அதற்காகச் சுவரை இறுக்கிப் பிடித்திருந்த எஃகு வடங்களின் இழுவிசையைத் தளர்த்தியபோது கான்கிரீட் உள்ளே அடுக்காகப் பிளந்தது. பழுது பார்த்து மீண்டும் இறுக்கியபோது 2011இல் வேறிடத்தில் பிளந்தது. 2013 பிப்ரவரியில் நிலையத்தை மூடுவதாக அறிவித்தார்கள். அங்கே புதிய ஜெனரேட்டர்கள் மீது யாரும் குறை சொல்லவில்லை.

கேள்விக்குறி எழுதியது:

எல்லாம் அமெரிக்கா, ஸ்வீடன். மற்ற நாடுகளில் எந்தக் கோட்பாடு?

உரிமப்பிரிவு எழுதியது:

பெரும்பாலும் வகைப்படுத்தல் கோட்பாடு. பன்னாட்டு அணுசக்தி முகமையின் மாற்றங்கள் குறித்த வழிகாட்டி 2022இல் புதுப்பிக்கப்பட்டது. பாதுகாப்பு முக்கியத்துவத்தின்படி மாற்றங்களை வகைப்படுத்தி, மேல்வகைக்கு ஆணையத்தின் முன் ஒப்புதல், கீழ்வகைக்கு நிலையத்தின் உள்ளொப்புதல் என்று அது சொல்கிறது. பிரிட்டனில் ஒவ்வோர் உரிமத்தோடும் வரும் 36 நிபந்தனைகளுள் 22ஆம் நிபந்தனை இதே வேலையைச் செய்கிறது. அமெரிக்க முறையின் கேள்வி "உரிம அடிக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகல்?", வகைப்படுத்தும் முறையின் கேள்வி "தவறாகப் போனால் எவ்வளவு கேடு?". இரண்டாவது என் மனதுக்கு நெருக்கமானது. சான் ஒனோஃப்ரே மாற்றம் இரண்டாவது கேள்வியில் தப்பியிருக்காது.

இந்தியாவில் 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அடுக்கடுக்கான மீளாய்வை நடத்துகிறது: நிலையத்தின் சொந்தக் குழு, அலகுப் பாதுகாப்புக் குழு, இயங்கும் நிலையங்களுக்கான பாதுகாப்பு மீளாய்வுக் குழு, பிறகு வாரியம். கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையம் பொருத்தமான எடுத்துக்காட்டு. 1980களின் இறுதியில் உலைக் கலனுக்குள் கனநீர் நுழையும் பகிர்குழாய்கள் உடைந்தன. கனநீரின் பாய்வுப் பாதையை மாற்றி, சுமார் 170 மெகாவாட்டுக்குத் திறனைக் குறைத்து அலகுகளை ஓட்டினார்கள். பின்னாளில் சில குளிர்விப்புக் குழல் இடங்களில் துளைத்தெளிப்பான் குழாய்களைப் பொருத்தி, குழல்களையும் மொத்தமாக மாற்றிய பிறகே 220 மெகாவாட்டுக்குத் திரும்பினார்கள். மாற்றம் முழுமையாக நிறுவப்படும் வரை திறனைக் குறைத்து ஓட்டுவது ஆணையங்களின் கையில் இருக்கும் நல்ல கருவி. "ஒப்புதல்", "மறுப்பு" என்ற இரண்டுக்கும் இடையில் ஓர் இடம் அது தருகிறது. சான் ஒனோஃப்ரே இரண்டாம் அலகையும் 70 விழுக்காட்டுத் திறனில் ஓட்ட உரிமையாளர் கேட்டார். ஆனால் அங்கே சிக்கலின் காரணம் கருவிக்குள்ளேயே இருந்தது. அதை நீக்காமல் திறனை மட்டும் குறைப்பதாகச் சொன்னதால் நம்பிக்கை பிறக்கவில்லை.

நீர்வழி எழுதியது:

வடிகட்டல் கட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. வரைபடக்காரரும் ரிலேஅறையும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால், மாற்றத்தை விவரிக்கும் முதல் பத்திதான் கோப்பின் தலைவிதியை எழுதுகிறது. அந்தப் பத்தியை எழுதுபவர் யார்?

வரைபடக்காரர் எழுதியது:

பெரும்பாலும் மாற்றத்தைக் கோரும் துறையின் பொறியாளர். அவர் எழுதிய விவரிப்பை வைத்துத்தான் 50.59 தகுதி பெற்ற வேறொருவர் வடிகட்டுகிறார். "பம்பு மோட்டாரை மாற்றுதல்" என்று எழுதினால் ஒரு விடை. "பம்பு மோட்டாரை மாற்றுதல், தொடக்க மின்னோட்டம் கூடுகிறது, எடை கூடுவதால் அடித்தளப் போல்ட்டுகளின் நிலநடுக்கச் சுமை மாறுகிறது, அறைக்குள் வெளியாகும் வெப்பம் கூடுகிறது" என்று எழுதினால் வேறு விடை. முதலாவதில் டீசல் சுமைக் கணக்கும், நிலநடுக்கக் கணக்கும், அறைக் குளிரூட்டல் கணக்கும் யாருக்கும் நினைவுக்கு வராது. என் அனுபவத்தில், பயனுள்ள சரிபார்ப்பு எட்டு வினாக்களின் விடைகளைப் படிப்பதில் கிடைப்பதில்லை. பழைய, புதிய கருவிகளின் தரவுத் தாள்களை அருகருகே விரித்து, மாறிய ஒவ்வொரு வரிக்கும் "இதை எந்தக் கணக்கு பயன்படுத்துகிறது?" என்று கேட்பதில்தான் கிடைக்கிறது. சலிப்பான வேலை, ஆனால் மோட்டாரின் எடை வரி மாறியதை வேறெந்தப் படிவமும் சொல்லாது.

கேள்விக்குறி எழுதியது:

தற்காலிக மாற்றங்கள்? மின்சுற்றில் ஒரு கருவியைத் தாண்டி இணைக்கும் ஒரு தாவுகம்பி, ஓர் இணைப்புக் குழாய், "அடுத்த நிறுத்தம் வரை" என்று தொங்கவிட்ட அட்டை: இவையும் இந்த வினாக்களைச் சந்திக்கின்றனவா?

உரிமப்பிரிவு எழுதியது:

அமெரிக்க நடைமுறையில், பராமரிப்புக்குத் துணையாகச் செய்யப்படும் தற்காலிக மாற்றம், உலை ஓடிக்கொண்டிருக்கும்போது 90 நாள்களுக்குள் நீக்கப்படுமானால், அது பராமரிப்பு விதியின் கீழ் வரும் இடர் மதிப்பீட்டோடு முடியும். அதற்கு மேல் நீடிக்கும் என்று முன்பே தெரிந்தால் 50.59 பொருந்தும். பலர் தவறவிடும் நுணுக்கம், அந்தச் சலுகை பராமரிப்புக்குத் துணையான மாற்றத்துக்கு மட்டுமே உண்டு என்பது. பழுதான கருவியைச் சரிசெய்யாமல், அதைத் தவிர்த்துக்கொண்டு ஓட்டுவதற்காகப் போட்ட தாவுகம்பி பராமரிப்பு அன்று. அதற்கு முதல் நாளிலேயே வினாக்களைக் கேட்க வேண்டும். பன்னாட்டு முகமையும் தற்காலிக மாற்றங்களின் எண்ணிக்கையையும் காலத்தையும் குறைவாக வைத்திருக்கச் சொல்கிறது. ஓர் ஆய்வாளர் நிலையத்துக்கு வந்தால் அந்தப் பட்டியலில் மிகப் பழைய தேதியைத்தான் முதலில் தேட வேண்டும் என்பேன். அதற்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் காரணம் எத்தனை முறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது என்பதை அடுத்துப் பார்க்கலாம்.